கூடத்தில் வழிந்த தேன்

ஒரு குடும்பத்தின் தகுதி அதன் கூடத்தில் இருக்கும் டிவியின் அகலத்தைப் பொறுத்தது. இது எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். யார் ஒப்புக்கொண்டார்கள், எப்போது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் அப்படித்தான்.

புகார் அக்காவின் வீட்டுக்கு அந்தத் தகுதி வெகுநாளாக இல்லை. அவர்களிடம் இருந்தது பின்பக்கம் தொப்பை போட்ட ஒரு பழைய டிவி. போட்டால் நிகழ்ச்சி தெரியும். நிறுத்தினால் நின்றுவிடும். இதைத் தவிர அதனிடம் வேறு எந்தச் சிறப்பும் கிடையாது.

புகார் அக்கா என்றால் புகார் சொல்கிறவள் இல்லை, கேட்கிறவள். குடிநீர் வாரியத்தின் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் அவள்தான் மூத்த அலுவலர். அவள் மேசையில் நிலுவை என்று ஒன்று இருந்ததே இல்லை. அவள் வேலை செய்யும் விதம் இது:

"மேடம், குழாயில தண்ணி வரலை."

"குழாய் இருக்கா?"

"இருக்கு."

"திறந்தா ஏதாவது சத்தம் வருதா?"

"புஸ்ஸுனு காத்து வருது."

"காத்து வருதுன்னா இணைப்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம். தங்கள் பொறுமைக்கு நன்றி."

புகார் தீர்ந்தது. தண்ணீர் வந்ததா என்று கேட்காதீர்கள். அது வேறு பிரிவு.

இப்படி ஒரு புகார்கூட மிச்சம் வைக்காமல் தீர்த்ததற்காக, அந்த வருடத்தின் சிறந்த குறைதீர் அலுவலர் விருதை அவளுக்குக் கொடுத்தார்கள். விழா நடந்து முடிந்தது. கேடயமும் வந்தாயிற்று. சனிக்கிழமை மாலை அந்த விழாவை டிவியில் போடப் போகிறார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

"இந்தத் தொப்பை டிவியில உன்னைப் பார்த்தா எறும்பு மாதிரி தெரிவ," என்றார் அவள் கணவர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வருடக்கணக்காக அதை மிதித்து மிதித்து, வீட்டில் கோபம் வந்தாலும் வலது கால் தரையை அழுத்தும். தெருவில் அவர் பெயர் பிரேக் சார்.

"எறும்பா தெரிஞ்சா போதும்ங்க. அண்ணி பார்த்தா சரி."

அண்ணி என்றது பிரேக் சாரின் அக்காவை. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "போனை எடுக்கறா, போனை வைக்கறா. இதுக்கு ஒரு சம்பளம்." இந்த வசனத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். மேடை, மைக், கைதட்டல் எல்லாம் அண்ணியின் கண்முன்னால் நடக்க வேண்டும். புகார் அக்கா கேட்டது அவ்வளவுதான். அதற்காகத்தான் உயர்ரக டிவி வாங்கப் போனார்கள்.

கடைக்காரர் அவர்களை ஒரு இருட்டறைக்குள் அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினார். சுவர் முழுக்க டிவி.

"சார், இதுல கருப்பைப் பாருங்க. சாதாரண டிவியில கருப்பு சாம்பலா தெரியும். இதுல கருப்பு கருப்பாவே இருக்கும்."

"ஒண்ணுமே தெரியலையே," என்றாள் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த மகள்.

"அதுதான்மா விசேஷம்."

பிரேக் சார் மரியாதையோடு தலையாட்டினார். ஒன்றும் தெரியாததற்கே இவ்வளவு விலை என்றால், தெரிவதற்கு எவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிறகு திரையில் தேன் வந்தது. ஒரு பொன்னிறச் சொட்டு மெதுவாக நீண்டு, வளைந்து, கிண்ணத்தில் விழுந்தது. அடுத்து ஒரு கிளி. அதன் பிறகு பட்டு நூல்கண்டுகள். மறுபடி தேன். பிரேக் சாரின் வாய் திறந்தபடி நின்றது. வாங்கிவிட்டார்கள்.

தொப்பை டிவியைக் கீழ்வீட்டுத் தையல்காரருக்குச் சும்மா கொடுத்தார்கள். அவர் வீட்டு முன்னறைதான் அவருடைய தையல் கடை. "ரொம்ப நன்றிக்கா. அப்படியே அந்தக் குழாய் விஷயத்தையும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அவர் வீட்டுக் குழாயில் மாதக்கணக்காகக் காற்றுதான் வருகிறது. அவர் கொடுத்த புகார்களைப் புகார் அக்காவே நேரில் கவனித்து, ஒவ்வொன்றாகத் தீர்த்திருந்தாள். "அது தீர்ந்துடுச்சே தம்பி," என்றாள். "ஆமாக்கா, தகவல் வந்துச்சு," என்று அவர் டிவியைத் தூக்கிக்கொண்டு போனார்.

புது டிவியை மாட்ட ஒருவர் வந்தார். மாட்டி, மின்சாரம் கொடுத்ததும் டிவி முதல் வேலையாக ஒரு கேள்வி கேட்டது: தாங்கள் இருப்பது வீடா, கடையா?

"வீடுதானே சார்?"

"இரு இரு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கடைன்னு போட்டா வெளிச்சம் முழுசா இருக்கும். வீடுன்னு போட்டா கொஞ்சம் குறைச்சுக்கும் சார். கண்ணுக்கு நல்லது."

"அப்போ கடையில நாங்க பார்த்தது?"

"முழு வெளிச்சம்."

"நான் காசு குடுத்தது அதைப் பார்த்துத்தானே? வீட்டுக்கு வந்ததும் குறைச்சுக்கறதுன்னா என்ன நியாயம்? கடைன்னு போடுப்பா."

"சார், அதுல என்னன்னா..."

"போடு!" வலது கால் தரையை அழுத்தியது.

மாட்ட வந்தவருக்கு வேறு வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கூடம் ஜொலித்தது. செய்தி வாசிப்பவரின் மூக்கில் இருந்த பரு ஒரு முக்கியச் செய்தியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் போனது. செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தார், தேன் வந்தது. கிளி வந்தது. நூல்கண்டு வந்தது. குறுக்கே பெரிய எழுத்தில், "கருப்பிலும் கருப்பு. இன்றே வாங்குங்கள்."

"வாங்கிட்டோமே," என்றார் பிரேக் சார் டிவியிடம்.

டிவி கேட்கவில்லை. ரிமோட்டை யாரும் தொடாமல் விட்டால், கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை தேன் வந்தது. மகள்தான் இதைக் கண்டுபிடித்தாள். "கடைன்னு போட்டதால கடையில ஓடறது ஓடுது. வீடுன்னு மாத்தினா சரியாயிடும்," என்று ரிமோட்டை எடுத்தாள். டிவி கடை உரிமையாளரின் ரகசிய எண்ணைக் கேட்டது. இல்லாத கடைக்கு ஏது உரிமையாளர்?

புகார் அக்கா நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது. சொல்லுங்க மேடம்."

"டிவி பார்த்துக்கிட்டு இருக்கும்போது நடுவுல தேன் ஊத்துது."

"டிவி மேலயா மேடம்?"

"டிவிக்குள்ள!"

"படம் தெளிவா இருக்கா?"

"எது, தேனா? ரொம்பத் தெளிவா இருக்கு."

"சத்தம் வருதா?"

"சொட்டற சத்தம்கூடக் கேக்குது."

"அப்போ டிவி நல்லா வேலை செய்யுது மேடம். தங்கள் பொறுமைக்கு நன்றி."

புகார் அக்கா போனை வைத்தாள். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு தொழில்முறை மரியாதை. "நல்லா பேசறா பொண்ணு," என்றாள். "ஒரு இடத்துலகூட நம்மளைப் பேச விடலை."

மறுநாள் மீண்டும் அடித்தாள். இந்த முறை அந்தப் பெண் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க டிவி கடையில இருக்கறதா பதிவாகியிருக்கு. கடைக்கு வீட்டுச் சேவை கிடையாது. மேற்பார்வையாளர் வருவார். கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்றாள்.

"கடையே இல்லம்மா!"

"விடுமுறை நாள்னு போட்டுக்கறேன் மேடம்."

மேற்பார்வையாளர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் அளவு நாடா. கூடத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"ஷோரூம் சுத்தமா இருக்கு. ஆனா சோபாவை ஏன் இங்க போட்டிருக்கீங்க? வர்றவங்க உட்கார்ந்துட்டா எழுந்திருக்க மாட்டாங்களே."

"சார், இது வீடு," என்றாள் புகார் அக்கா.

"பதிவுல கடைன்னு இருக்கு."

"பதிவு தப்பு."

"அது எப்படி மேடம் தப்பாகும்? டிவியே சொல்லியிருக்கு."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டார். "கேன்டீனும் இருக்கா?"

"சமையல்கட்டு சார் அது! வீடுன்னா சமையல்கட்டு இருக்கும்ல?"

"மேடம், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வீடா இருந்தா நான் உள்ள வரவே கூடாது. வீடு என் எல்லை இல்லை. ஆனா நான் வந்துட்டேன். அதனால இது கடைதான்."

இதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. முயன்று பாருங்கள், உங்களாலும் முடியாது.

"சரி, அப்போ கடையை மூடிட்டோம்னு எழுதிக்கங்க," என்றாள் மகள்.

"மூடறதுக்குத் தலைமை அலுவலகம் காரணம் கேக்கும். வியாபாரம் எப்படி?"

"வியாபாரமே கிடையாது."

"போச்சு. நஷ்டத்துல மூடினா என் தலைதான் உருளும். கொஞ்சம் லாபம் காட்டுங்க, அப்புறம் மூடலாம்."

போகும்போது மாடிப்படியின் தெருக்கதவில் ஒரு வட்டமான ஸ்டிக்கரை ஒட்டினார். "இவ்வட்டாரத்தின் தூய்மையான காட்சியகம்." புகார் அக்கா அதை நகத்தால் சுரண்டப் போனாள். பிரேக் சார் தடுத்தார். "இருக்கட்டும். கேட்டா கிடைக்குமா இது?" அன்று மாலையே வழியோடு போன இரண்டு பேர் படியேறி வந்து விலை கேட்டார்கள். பிரேக் சார் அவர்களை உட்கார வைத்துத் தேன் காட்டினார். கருப்பைக் காட்டும்போது விளக்கை அணைக்கவும் கற்றுக்கொண்டார். புகார் அக்கா சமையலறையில் நின்று பல்லைக் கடித்தாள்.

சனிக்கிழமை வந்தது.

"பேசாம என் போன்ல பார்க்கலாம்மா," என்றாள் மகள்.

"சுவர் அளவுக்கு டிவியை வாங்கி வச்சுட்டு, அண்ணியை உன் போனுக்குள்ள எட்டிப் பார்க்கச் சொல்றதா? மானம் போயிடும்."

ஆகவே ரிமோட் அழுத்தும் முறைப்பணி வகுக்கப்பட்டது. முதலில் மகள், அடுத்து பிரேக் சார். தேன் வருவதற்கு முன்பே ஒலியை ஒரு புள்ளி கூட்டி, ஒரு புள்ளி குறைக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு குடும்பம் ஒற்றுமையாக இருந்தால் டிவி பார்க்க முடியும் என்று நிரூபித்த வீடு அது.

அண்ணி வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். "எங்க, உன் கச்சேரி இன்னும் ஆரம்பிக்கலையா?"

"இதோ அண்ணி, இப்ப வந்துடும்."

விழா ஓடியது. யார் யாரோ பேசினார்கள். மகள் கூட்டினாள், குறைத்தாள். பிரேக் சார் கூட்டினார், குறைத்தார். கடைசியில், "சிறந்த குறைதீர் அலுவலர்..." என்று மேடையில் ஒருவர் ஆரம்பித்ததும் பிரேக் சார் துள்ளி எழுந்தார். "நீ பிடி! நான் டிவியைப் போட்டோ எடுக்கணும்!" ரிமோட் புகார் அக்காவின் கைக்கு மாறியது.

திரையில் அவள் மேடைப் படி ஏறினாள். தன்னை இவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததே இல்லை. புடவை மடிப்பு சரியாகத்தான் இருந்தது. நடை கொஞ்சம் அவசரம். முகத்தில் ஒரு பயம், அது அன்றைக்கு அவளுக்கே தெரியவில்லை. அடடா, நான் இப்படியா இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல் சும்மா இருந்தது. திரையில் அவள் கேடயத்துக்குக் கையை நீட்டினாள்.

தேன் வந்தது.

"ஐயோ, அழுத்து! அழுத்து!" பிரேக் சாரின் கால் தரையை மிதித்தது. எதுவும் நிற்கவில்லை. பதறிப்போய் புகார் அக்கா எல்லாப் பட்டனையும் அழுத்தினாள். டிவி வேறு எங்கோ போய் வானிலை காட்டியது. திரும்பி வந்தபோது மேடையில் வேறு யாரோ மாலையோடு நின்றிருந்தார்.

அண்ணிதான் பேசினார். "நடுவுல தேன் வந்துச்சே, அது என்ன அழகு! அதையே போடுடா தம்பி. இந்த மேடையும் மாலையும் யாருக்கு வேணும்?" பிறகு ஞாபகம் வந்தவராகத் திரும்பினார். "ஆமா, உன்னை எப்ப காட்டுவாங்க?"

புகார் அக்கா பதில் சொல்வதற்குள் தையல்காரர் மூச்சு வாங்க மேலே ஓடி வந்தார். "அக்கா! பார்த்தேன் அக்கா! உங்க டிவியிலதான் பார்த்தேன்! கேடயத்தை வாங்கினீங்க, மைக்குல பேசினீங்க. கடைசியில உங்க கண்ணுல தண்ணி வந்துச்சு பாருங்க, அதுகூடத் தெரிஞ்சுது. எங்க குழாயிலதான் இன்னும் வரலை."

சொல்லிவிட்டு அவர் திரையைப் பார்த்தார். நூல்கண்டு ஓடிக்கொண்டிருந்தது. "இழை இழையாத் தெரியுதே அக்கா," என்றார் மெதுவாக. அவரை வீட்டுக்கு அனுப்புவது பெரும்பாடாகிவிட்டது.

நல்லவேளை, அடுத்த சனிக்கிழமை மறு ஒளிபரப்பு உண்டு என்று அறிவித்தார்கள். அண்ணியும் வருவதாகச் சொன்னார். தேன் பார்க்க.

இந்த முறை விடக்கூடாது என்று புகார் அக்கா தினமும் சேவை மையத்துக்கு அடித்தாள். தினமும் அதே பெண், அதே நன்றி. வெள்ளிக்கிழமை அங்கிருந்தே அவளுக்குப் போன் வந்தது. பேசியவர் சேவை மையத்தின் மேலாளர்.

"மேடம், நீங்க விருது வாங்கினதை டிவியில பார்த்தேன். ஒரு புகார்கூட நிலுவை இல்லாம எப்படி? எங்க பசங்களுக்கு நீங்க வந்து ஒரு பயிற்சி தரணும். நாளைக்கே வர முடியுமா?"

இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? நேரில் போய், அந்தப் பெண்ணைப் பிடித்து, காரியத்தை முடித்துக்கொண்டு, சாயந்திரம் அண்ணி முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காரலாம். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சேவை மையத்தில் கைதட்டி வரவேற்றார்கள். சுவரில் அவள் படம். படத்துக்குக் கீழே, "நிலுவை: பூஜ்யம்." அவள் குழாய், காற்று, இணைப்பு எல்லாவற்றையும் விளக்கினாள். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். முடிவில் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். வாயைத் திறந்ததுமே குரல் தெரிந்துவிட்டது.

"மேடம், ஒரு சந்தேகம். ஒரு அம்மா தினமும் கூப்பிடறாங்க. டிவி நடுவுல தேன் ஊத்துதாம். வீடுதான்னு சத்தியம் பண்றாங்க. கேட்டா எனக்கே பாவமா இருக்கு. பேசாம ஒரு ஆளை அனுப்பி மாத்திக் குடுத்துடலாமா?"

மேலாளர் புன்னகையோடு புகார் அக்காவைப் பார்த்தார். அறை முழுவதும் அவளைப் பார்த்தது. 'அனுப்பு' என்று சொன்னால் போதும். ஒரே சொல். இன்று மாலை தேன் வராது.

அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு தடவை 'அனுப்பு' என்று சொல்லிவிட்டால், அவள் யாரையும் அனுப்பாத வீடுகளெல்லாம் வரிசையாக எழுந்து நிற்குமே. முதல் ஆளாகக் கீழ்வீடு நிற்கும். சுவரில் இருந்த படம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"படம் வருதாமா?" என்று கேட்டாள்.

"வருதாம் மேடம்."

"சத்தம்?"

"வருதாம்."

"அப்புறம் என்ன பாவம்? முடிச்சுடு."

"இதே மாதிரி வேற யாராவது..."

"எல்லாத்தையும் சேர்த்து முடி."

கைதட்டல் அடங்க நேரமானது. அது அடங்கும்போது அவள் கைப்பையில் போன் கிணிங் என்றது. எடுத்துப் பார்த்தாள். "தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" மேலாளர் பக்கத்திலேயே நின்றார். ஐந்து கொடுத்தாள். வேறு என்ன கொடுப்பது? தீர்த்து வைத்ததே அவள்தானே.

மாலை வீட்டுக்கு வந்தபோது அண்ணி சோபாவில் உட்கார்ந்து தேன் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் சார் விளக்கை அணைத்துக் கருப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். ரிமோட்டை யாருமே தொடவில்லை. விழா ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. புகார் அக்கா சத்தம் போடாமல் படியிறங்கினாள். அண்ணி பார்க்காவிட்டால் போகட்டும், தன்னைத் தானாவது ஒரு தடவை முழுசாகப் பார்க்கலாம். அந்தத் தொப்பை டிவி கீழேதானே இருக்கிறது.

"வாங்கக்கா, வாங்க!" தையல்காரர் முகமெல்லாம் பல். "நானே கூப்பிடலாம்னு இருந்தேன்."

தையல் மெஷினுக்கு மேலே சுவர் முழுக்க டிவி. அதில் பொன்னிறச் சொட்டு ஒன்று நீண்டு, வளைந்துகொண்டிருந்தது.

"பழைய டிவி எங்க தம்பி?"

"அதைப் புது டிவி கொண்டுவந்த கடைக்காரங்களே எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கக்கா. உங்க வீட்டுல அந்த நூலைப் பார்த்ததுலேர்ந்து தூக்கமே வரலை. தவணையில வாங்கிட்டேன். மாட்ட வந்தவரு வீடா கடையான்னு கேட்டாரு. நம்மளது கடைதானேக்கா? உள்ளதைத்தானே சொல்லணும்? கடைன்னேன்."

"புகார் குடுத்தியா?"

"குடுத்தேனே. இன்னிக்கு மத்தியானம் தீர்த்துட்டாங்களாம். தகவல் வந்துச்சு. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் சேர்த்தே தீர்த்துட்டாங்களாம். யாரோ பெரிய மேடம் நேர்ல வந்து சொல்லிக் குடுத்தாங்கன்னு அந்தப் பொண்ணு ஒரே பெருமையா சொல்லுச்சு."

அவர் துணி வெட்டும் பலகையைத் துடைத்து அவளுக்கு இடம் போட்டார். "உட்காருங்கக்கா. தேன் முடிஞ்சதும் நீங்க வந்துடுவீங்க."

புகார் அக்கா உட்கார்ந்தாள். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது. அந்த வீட்டில் எப்படித் தண்ணீர் கேட்பது? பேசாமல் தேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.